கண் ஒருவருடையது, கை இன்னொருவருடையது

நண்பர் எடுத்த போட்டோவைப் பார்த்துப் பறவையை வரைவது சுலபமான வேலையாகத் தெரியும். ஆனால் போட்டோ சொல்லாமல் விடுவது நிறைய. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆள் இருப்பதுதான் இதில் உள்ள பெரிய லாபம்.

மைசூரிலிருந்து சுமார் 18 கி.மீ. தொலைவில், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே காவிரியின் நடுவில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தீவுகள்தான் ரங்கனதிட்டு. கூடு கட்டும் மாதங்களில் மரக்கிளைகள் தெரியாத அளவுக்கு நாரைகளும் கொக்குகளும் கரண்டிவாயன்களும் உட்கார்ந்திருக்கும். கீழே பாறைகளில் முதலைகள் வெயில் காயும். வனத்துறையின் துடுப்புப் படகு கிளைக்குக் கிட்டத்தில் போய் நிற்கும்போது, பேச்சு அடங்கி காமிராக்களின் சத்தம் மட்டும் கேட்கும்.

அந்தப் படங்கள் எங்கே போகின்றன? பெரும்பாலானவை கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் தூங்குகின்றன. சில மட்டும் இன்னொரு பயணம் கிளம்புகின்றன. காமிராக்காரரின் நண்பர் ஒருவர் தூரிகை பிடிப்பவராக இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தப் படம் காகிதத்தில் பென்சில் கோடாக மாறத் தொடங்குகிறது. காமிராவும் தூரிகையும் இப்படிக் கூட்டுச் சேர மைசூரைவிடத் தோதான ஊர் கிடைப்பது கஷ்டம். பல்கலைக்கழகத்தை ஒட்டிய குக்கரஹள்ளி ஏரியிலும், மிருகக்காட்சிச் சாலைக்குப் பக்கத்திலுள்ள காரஞ்சி ஏரியிலும் காலை நடைக்குப் போகிறவர்களே பறவைகளைப் பார்த்துவிட முடியும். ஓவியத்துக்கோ, தங்கரேக்கு ஒட்டும் மைசூர் பாணியும், ஜகன்மோகன் அரண்மனைக் கலைக்கூடமும், சாமராஜேந்திரா பெயரிலான ஓவியக் கல்லூரியும் இங்கே இருக்கின்றன.

போட்டோவைப் பார்த்து வரைவதா, அது காப்பி அடிப்பதல்லவா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஜகன்மோகன் அரண்மனைக்குப் போகிறவர்கள் நின்று பார்க்கும் ரவிவர்மாவே உருவப்படங்களுக்குப் போட்டோக்களைப் பயன்படுத்தியவர்தான். காட்டுப் பறவைகளைப் பொறுத்தவரை, போட்டோ வருவதற்கு முன் ஓவியர்கள் எதைப் பார்த்து வரைந்தார்கள் என்று தெரிந்துகொண்டால் இந்தக் கேள்வி வேறு மாதிரி ஆகிவிடும்.

செத்த பறவைகளின் காலம்

பெரும்பாலும் அவர்கள் செத்த பறவையைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். 1827-லிருந்து 1838 வரை வெளிவந்த 435 பிரம்மாண்டமான அமெரிக்கப் பறவைப் படங்களால் புகழ்பெற்ற ஆடுபான், பறவையைச் சுட்டு, அதன் உடலில் கம்பிகளைச் செருகி, உயிரோடு இருப்பதுபோல நிறுத்திவைத்து வரைந்தார். 1830-களின் தொடக்கத்தில் லண்டனில் ஜான் கூல்ட் வெளியிட்ட இமயமலைப் பறவைகள் நூலுக்குப் படம் வரைந்தவர் அவருடைய மனைவி எலிசபெத். அவர் இமயமலையைப் பார்த்ததே இல்லை. கப்பலில் வந்த, பஞ்சடைத்த தோல்கள்தான் அவர் முன்னே இருந்தவை.

தோலை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. மெகல்லனின் கப்பல் கூட்டத்தில் உலகைச் சுற்றி முடித்த ஒரே கப்பல் 1522-ல் ஸ்பெயின் திரும்பியபோது, கிழக்கத்தியத் தீவுகளிலிருந்து சொர்க்கப் பறவை எனப்படும் பறவையின் தோல்களைக் கொண்டுவந்தது. வியாபாரத்துக்காகத் தோலைப் பதப்படுத்தும்போது கால்களை வெட்டிவிடுவது அந்தத் தீவுகளின் வழக்கம். ஐரோப்பியர்களுக்கு இது தெரியாது. காலே இல்லாத பறவை, ஆகவே தரையில் இறங்காமல் வானத்திலேயே வாழ்கிறது என்று முடிவு கட்டிப் பலகாலம் அப்படியே நம்பினார்கள். 1758-ல் லின்னேயஸ் அதற்கு வைத்த விஞ்ஞானப் பெயரிலும் 'காலில்லாதது' என்ற சொல் ஒட்டிக்கொண்டது. இன்றும் அதுதான் பெயர். தோலை அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வழியிருந்தால் இந்தக் கதையே பிறந்திருக்காது.

நம் நாட்டில் நிலைமை கொஞ்சம் மேல். முகலாய மன்னர் ஜஹாங்கீரின் ஓவியர் மன்சூர், அரண்மனைக்கு வந்துசேர்ந்த அபூர்வப் பறவைகளை நேரில் பார்த்து வரைந்தார். 1777-லிருந்து சில ஆண்டுகள் கல்கத்தாவில் இம்பே சீமாட்டி வளர்த்த பறவைகளை, பாட்னாவிலிருந்து வந்த ஷேக் ஜைனுதீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய மூவர் வரைந்தார்கள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியும் பறவை, விலங்குப் படங்களை வரையவைத்தார். அவற்றில் ஒரு தொகுதி இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1843-லிருந்து 1847-க்குள் ஜெர்டான் சென்னையில் வெளியிட்ட தென்னிந்தியப் பறவைகள் தொகுப்பின் 50 படங்களில் உள்ளூர் ஓவியர்களின் கைவண்ணம் உண்டு. ஆனால் இவர்கள் வரைந்ததும் பெரும்பாலும் கூண்டில் இருந்த பறவை அல்லது கையில் கிடந்த பறவை. தன் மரத்தில், தன் ஆற்றில், தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பறவையை யாரும் மணிக்கணக்கில் மேஜை மேல் வைத்துக்கொண்டு வரைய முடியாது.

அதைச் சாத்தியமாக்கியது காமிரா. வேடிக்கை என்னவென்றால், பறக்கும் பறவையைப் படமெடுக்க 1882-ல் பிரான்சில் மாரே என்ற உடலியல் அறிஞர் செய்த கருவி துப்பாக்கியின் வடிவத்திலேயே இருந்தது. தோளில் வைத்துக் குறிபார்த்து விசையை இழுத்தால் ஒரு விநாடியில் 12 படங்கள். பறவை விழவில்லை, பறந்துபோனது.

இந்த மாற்றத்தின் நடுவே நின்றவர்தான் சாலிம் அலி. சிறுவயதில் விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்ட மஞ்சள் தொண்டைச் சிட்டு ஒன்றைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போனதில் அவருடைய பறவைப் பித்து தொடங்கியது. 1939-40-ல் அவர் மைசூர் சமஸ்தானத்தின் பறவைகளைக் கணக்கெடுத்தார். அந்தக் கால வழக்கப்படி அதுவும் பறவைகளைச் சுட்டு, தோலைப் பாடம் செய்து சேகரிக்கும் வேலைதான். ஆனால் அதே சாலிம் அலியின் யோசனையைக் கேட்டுத்தான் மைசூர் அரசு 1940-ல் ரங்கனதிட்டைச் சரணாலயம் ஆக்கியது. 2022-ல் கர்நாடகத்தின் முதல் ராம்சர் தலமாக அது சர்வதேச அங்கீகாரமும் பெற்றது.

போட்டோ சொல்லும் பொய்கள்

ஆக, நண்பரின் போட்டோ பெரிய வரம். துப்பாக்கி இல்லை, கூண்டு இல்லை. ஆனால் வரத்தை அப்படியே நம்பியவர் ஏமாந்துபோவார். காமிரா பார்ப்பது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம், ஒரே ஒரு கோணம். அந்த நொடியில் மறைந்திருந்தது மறைந்ததுதான்.

ரங்கனதிட்டில் அதிகம் படமெடுக்கப்படும் மஞ்சள்மூக்கு நாரையையே எடுத்துக்கொள்வோம். உட்கார்ந்திருக்கும் நாரையின் பின்பக்கம் அழகான ரோஜா நிறம் தொங்கும். போட்டோவைப் பார்த்து வரைகிறவர் அதை வால் என்று நினைத்து வாலாகவே வரைந்துவிடுவார். உண்மையில் அது சிறகின் உள்பக்கத்து இறகுகள். உட்காரும்போது வாலின் மேல் மூடிக்கொள்கின்றன. அதன் வால் குட்டையானது, நிறம் கறுப்பு. பறவை எழும்பிப் பறந்தால்தான் இது தெரியும்.

சின்னக் கொக்கின் கால் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். வேறு வெள்ளைக் கொக்குகளிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் முக்கியமான அடையாளம் இந்த விரல்கள்தான். ஆனால் கொக்கு தண்ணீரில் நிற்கும்போது எடுத்த போட்டோவில் விரல் எங்கே தெரியப்போகிறது? தெரியாத இடத்தில் ஓவியர் கறுப்பு விரலைப் போட்டால், அவர் வரைந்தது வேறொரு கொக்கு ஆகிவிடும்.

விரல்களில் இன்னும் சிக்கல் உண்டு. பெரும்பாலான பறவைகளுக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. கிளிக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. மீன்கொத்திக்கு முன்விரல்கள் பாதிவரை ஒட்டியிருக்கும். இலை மறைத்த காலை ஊகத்தில் வரைகிறவர்கள் கிளிக்குக் காக்கைக் கால் வைப்பது சகஜம்.

நிறத்தின் கதை இன்னும் விசித்திரம். மீன்கொத்தியின் நீலத்தில் நீலச் சாயம் எதுவும் கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தெரியும் நீலம் அது. பறவையின் உடலில் இருக்கும் நிறம் என்பதைவிட, வெளிச்சமும் இறகும் சேர்ந்து நடத்தும் வித்தை என்று சொல்லலாம். நிழலில் உட்கார்ந்த அதே பறவை மங்கித் தெரியும். வெள்ளைக் கொக்கை வெயிலில் எடுத்தால் இறகுகள் எல்லாம் ஒரே சுண்ணாம்புப் பூச்சாகிவிடும். நீர்க்காகமும் கரிச்சானும் கறுப்பு அட்டையில் வெட்டியதுபோல வந்து நிற்கும். நிஜத்தில் வெள்ளையிலும் கறுப்பிலும் சாம்பலும் நீலமும் கலந்திருப்பதைக் கண் பார்க்கும். காமிரா பார்க்கத் தவறும்.

வேகமும் ஒரு பிரச்சினை. விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கில் எடுத்த ஆற்று ஆலாவின் சிறகு, பிளாஸ்டிக்கில் செய்ததுபோல அசையாமல் நிற்கும். அதை இறகு இறகாக எண்ணி வரைந்தால், சரியாக இருந்தும் உயிர் இல்லாத படம் கிடைக்கும். தூரத்தை இழுத்துக்காட்டும் பெரிய லென்ஸ், முன்னும் பின்னும் உள்ளதை ஒன்றோடொன்று ஒட்டிவைத்துத் தட்டையாக்குகிறது. பறவை உட்கார்ந்த கிளைக்கும் பின்னால் உள்ள பாறைக்கும் நடுவில் ஆறு ஓடுவதே போட்டோவில் தெரியாமல் போகலாம்.

கேட்டால் சொல்வார்

இங்கேதான் 'நண்பர்' என்ற சொல்லுக்கு அர்த்தம் வருகிறது. எங்கிருந்தோ எடுத்த படத்திடம் கேள்வி கேட்க முடியாது. நண்பரிடம் கேட்கலாம். இது எத்தனை மணிக்கு எடுத்தது, வெயில் எந்தப் பக்கம்? இதற்கு முந்தைய படத்தில் தலை எங்கே திரும்பியிருந்தது? கால் தெரிகிற மாதிரி வேறு படம் இருக்கிறதா? பறவை அடுத்து என்ன செய்தது?

கர்நாடகத்தின் மாநிலப் பறவையான பனங்காடையை ஒருவர் வரையப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நண்பர் கொடுத்த போட்டோவில் அது மின்கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. பழுப்பு மார்பு, பெரிய தலை, மங்கிய முதுகு. இதற்கா இத்தனை பெருமை என்று தோன்றும். நண்பரைக் கேட்டால் மீதிக் கதையைச் சொல்வார்: அது கம்பியிலிருந்து பூச்சியைப் பிடிக்க இறங்கிய கணத்தில் இரண்டு சிறகிலும் வானநீலமும் கருநீலமும் பட்டை பட்டையாக விரிந்தன, உட்கார்ந்ததும் அணைந்துபோயின. அந்த இறங்கும் நொடியைக் காமிரா தவறவிட்டிருக்கலாம். நண்பர் தவறவிடவில்லை. அவருடைய பழைய படங்களைத் துழாவினால் சிறகு விரிந்த ஒன்று கிடைக்கவும் கூடும். இரண்டையும் வைத்துக்கொண்டு ஓவியர் வரைவது, எந்த ஒரு போட்டோவிலும் இல்லாத, ஆனால் அந்தப் பறவைக்கு உண்மையான படம்.

கண்ணும் கையும் ஒருவரிடமே இருந்த அபூர்வ உதாரணம் ஒன்று தமிழர்களுக்கு உண்டு. பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996). இன்று கர்நாடகத்தில் இருக்கும் சண்டூர் சமஸ்தானத்தில் 1940-களில் வேலை பார்த்தவர். 1950-லிருந்து சாகும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றிய பத்தி எழுதி, அதற்கான கோட்டோவியங்களையும் தானே வரைந்தார். புகைப்படங்களைக் கறுப்பு-வெள்ளையில்தான் எடுத்தார். போட்டோ கையில் இருந்தும் அவர் கோட்டோவியம் வரைந்ததற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. ஒரு கோட்டில் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லலாம். கிளையும் இலையும் நிழலும் குறுக்கே வராது.

எல்லோரும் கிருஷ்ணன் ஆக முடியாது. அதனால்தான் ஜோடி தேவைப்படுகிறது. சாலிம் அலிக்கே அப்படி ஒரு நண்பர் இருந்தார். சிங்கப்பூர் சினிமா அதிபர் லோக் வான் தோ. யுத்த காலத்தில் இந்தியாவுக்கு வந்தவர், சாலிம் அலியுடன் பறவைகளைத் தேடி அலைந்து, சிறந்த பறவைப் புகைப்படக்காரர் ஆனார். 1964-ல் தைவானில் விமான விபத்தில் இறக்கும்வரை அந்த நட்பு நீடித்தது. ஒருவர் படமெடுக்க, இன்னொருவர் குறிப்பெடுக்க, இருவரும் பார்த்தது ஒரே பறவை.

இத்தனை காமிராக்கள் வந்த பிறகும் பறவைகளை அடையாளம் காணும் கையேடுகளில் ஓவியங்கள் ஏன் நீடிக்கின்றன என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது. போட்டோ காட்டுவது ஒரு பறவையை. அன்றைக்கு அதற்கு ஓர் இறகு உதிர்ந்திருக்கலாம், அது குஞ்சுப் பருவம் தாண்டாததாக இருக்கலாம். கையேட்டு ஓவியம் காட்டுவது அந்த இனத்தை. பல போட்டோக்களையும் பாடம் செய்த தோல்களையும் நேரில் பார்த்ததையும் சேர்த்து, ஆண், பெண், இளம் பறவை மூன்றையும் ஒரே வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது. 1934-ல் அமெரிக்காவில் பீட்டர்சன் கொண்டுவந்த கையேடு இந்த முறைக்கு வழிகாட்டியது. இன்றும் அதற்கு மாற்று வந்துவிடவில்லை.

பெயர் போடுவது மரியாதை மட்டுமல்ல

நட்பில் பேச மறந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு: படம் யாருடையது? 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டப்படி போட்டோவும் ஒரு கலைப்படைப்பு. காசு கொடுத்தோ வேலைக்கு அமர்த்தியோ எடுக்கச் சொன்ன படமாக இல்லாவிட்டால், எடுத்தவர்தான் அதன் முதல் உரிமையாளர். அதைப் பார்த்து அப்படியே வரைவதும் ஒரு வகைப் பிரதிதான். 2012-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, மற்றக் கலைஞர்களுக்கு உள்ளதுபோலவே புகைப்படக்காரருக்கும் ஆயுள் முழுவதும், இறந்த பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. வீட்டுச் சுவரில் மாட்டும்வரை யாரும் கேட்கப்போவதில்லை. ஓவியத்தை விற்கும்போதோ போட்டிக்கு அனுப்பும்போதோ கேள்வி வரும். நண்பரிடம் நாலு வரியில் எழுத்துமூலம் சம்மதம் வாங்கிக்கொள்வதும், ஓவியத்தின் கீழே அவர் பெயரைச் சேர்ப்பதும் நட்பைக் கெடுக்காது, காப்பாற்றும்.

ஓவியருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. கூட்டின் மேல் குனிந்து குஞ்சுகளை எடுத்த நெருக்கமான படம் வரைவதற்கு ஆசையாக இருக்கும். ஆனால் அப்படி நெருங்கும்போது தாய்ப்பறவை கூட்டைவிட்டு ஓடும். முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும். இதனாலேயே பல புகைப்படப் போட்டிகள் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. நண்பர் எப்படி எடுத்தார் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

இந்த அக்கறைகளுக்கெல்லாம் அழுத்தமான காரணம் இருக்கிறது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023-ல் ஓர் அறிக்கை வெளியானது. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை உட்பட 13 அமைப்புகள் சேர்ந்து தயாரித்தது. சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் கொடுத்த பதிவுகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்ததில், 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்று தெரிந்தது. உலகப் பட்டியலில் ஆபத்து நிலையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்ன 14 இனங்களில், சாதாரணமாகக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையும் ஒன்று. தசராவன்று அதைப் பார்த்தால் அதிர்ஷ்டம் என்று வட இந்தியாவிலும் தெலங்கானாவிலும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் காசாக்க, பிடித்துக் காலைக் கட்டிக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மன்சூர் வரைந்த ஓவியங்களில் ஒன்று கொல்கத்தா இந்தியன் மியூசியத்தில் இருக்கிறது. சைபீரியக் கொக்கு. ஐரோப்பிய விஞ்ஞானம் அதற்குப் பெயர் சூட்டியது 1773-ல். மன்சூர் வரைந்தது அதற்குச் சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு. பரத்பூர் ஏரிகளுக்குக் குளிர்காலந்தோறும் வந்துகொண்டிருந்த அந்தப் பறவை கடைசியாக அங்கே காணப்பட்டது 2002-ல். அதன்பின் வரவில்லை. அதன் காலின் சொரசொரப்பையும் முகத்தின் சிவப்பையும் மன்சூர் பார்த்த மாதிரியே நாம் இன்றும் பார்க்க முடிகிறது. அவர் எதிரே நின்ற பறவையை உற்றுப் பார்த்ததுதான் காரணம்.

மைசூரின் பனங்காடைக்கு அந்தக் கதி வர வேண்டாம். ஆனால் அதை வரைகிறவர்கள் மன்சூர் அளவுக்கு உற்றுப் பார்க்க வேண்டும். போட்டோவைக் கையில் வாங்கியதும் பென்சிலை எடுக்காமல், முதலில் நண்பரிடம் பத்துக் கேள்வி கேளுங்கள். பதில் போதாவிட்டால், அடுத்த ஞாயிறு அவர் காமிராவோடு கிளம்பும்போது நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கிளம்புங்கள். ரங்கனதிட்டுப் படகில் இன்னொருவருக்கு இடம் இருக்கும்.